மகன் அல்ல என்று ஒரு கையெழுத்து

அண்ணன் என் பெரியம்மாவைப் "பெரியம்மா" என்று சொல்லி நான் முதன்முதலில் கேட்டது அடையாறில் ஒரு வக்கீலின் அறையில். அதுவரை அந்தச் சொல் எனக்கு மட்டும் சொந்தம். அவனுக்கு அவள் அம்மா. மந்தைவெளியில் அந்தக் கீழ்ப் போர்ஷன் வாசலில் சைக்கிளை நிறுத்தும்போதே "அம்மா, பசிக்குது" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்துகிறவன் அவன். அன்றைக்கு வக்கீல் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "மேடம், நீங்க பையனுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். பெரியம்மா வாயைத் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான். "பெரியம்மா சார். எங்கம்மாவோட அக்கா." பெரியம்மா அவன் பக்கம் திரும்பவில்லை. மடியில் வைத்திருந்த கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். எனக்குக் காதுமடல் வரை சூடேறியது. இத்தனை வருடம் கழித்து எழுதும்போதும் ஏறத்தான் செய்கிறது.

இதில் ரகசியம் ஒன்றும் கிடையாது. பெரியம்மா, என் அம்மா, சித்தி என்று மூன்று சகோதரிகள். கடைக்குட்டியான சித்தி அறுபதுகளின் கடைசியில் கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஸ்டெனோவாக இருந்தாள். அங்கே இயந்திரம் பொருத்த வந்த யுகோஸ்லாவியாக்காரர் ஒருவரை ரிஜிஸ்தர் கல்யாணம் செய்துகொண்டாள். தாத்தா தலை முழுகிவிட்டார். பெரியம்மா மட்டும் டெலிபோன் எக்சேஞ்சில் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போய்ச் சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். அடுத்த வருடம் ஒரு பையன் பிறந்தான். பையன் குப்புற விழுவதற்கு முன்பே சித்தி மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். அந்த மனிதருக்கும் ஒப்பந்தம் முடிந்தது. குழந்தை நடக்க ஆரம்பித்ததும் வந்து அழைத்துப் போகிறேன் என்று பெரியம்மாவின் கையில் கொடுத்துவிட்டுக் கப்பலேறினார். பையன் நடந்தான், ஓடினான், பள்ளிக்கூடம் போனான். மனிதர் வரவில்லை. கொஞ்ச காலம் பார்சல் வந்தது. அதில் கம்பளிச் சட்டை இருந்தது. மே மாதத்து மந்தைவெளிக்குக் கம்பளிச் சட்டை! பெற்ற பிள்ளை எந்த ஊரில் வளர்கிறான் என்பதுகூட ஞாபகமில்லாத ஒருவரை மன்னிக்கும் அளவுக்கு எனக்குப் பெரிய மனசு இல்லை. அப்புறம் அந்தப் பார்சலும் நின்றது.

பெரியம்மாவுக்கும் பெரியப்பாவுக்கும் குழந்தை இல்லை. அதனால் எடுத்து வளர்த்தார்கள் என்று யாராவது சொன்னால் பெரியம்மாவுக்குப் பிடிக்காது. "எடுக்கறதுக்கு அவன் என்ன கீழயா கிடந்தான்? என் தங்கச்சி பெத்தா, நான் வளர்த்தேன். ரெண்டும் ஒரே வேலையோட ரெண்டு பாதி" என்பாள். தத்து, பத்திரம், சடங்கு எதுவும் நடக்கவில்லை. அக்கா பிள்ளை தங்கை வீட்டிலும் தங்கை பிள்ளை அக்கா வீட்டிலும் வளர்வதற்கு எங்கள் வீடுகளில் யாரும் பத்திர ஆபீசுக்குப் போனதில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது தலைமையாசிரியை "அப்பா பேரு?" என்று பேனாவைத் தூக்கினாராம். பெரியப்பா யோசிக்கவே இல்லை, தன் பெயரைச் சொன்னார். அப்படியே பையனின் பெயருக்கு முன்னால் அவருடைய இனிஷியல் வந்து உட்கார்ந்தது. அண்ணனுக்கு விவரம் தெரியும் வயதில் பெரியம்மாவே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பூனைக்கண்ணும் செம்பட்டை முடியுமாக மந்தைவெளியில் திரிகிறவனிடம் எதை மறைப்பது? அவன் கேட்டுவிட்டு, "சரிம்மா" என்று கிரிக்கெட் விளையாடப் போய்விட்டானாம். இதைச் சொல்லும்போதெல்லாம் பெரியம்மாவின் முகத்தில் ஒரு பெருமை தெரியும்.

தொண்ணூறுகளின் நடுவில் பெரியப்பா இறந்தார். மயிலாப்பூர் சுடுகாட்டில் மொட்டைத் தலையும் ஈர வேட்டியுமாகக் கொள்ளி வைத்தவன் அவன்தான். ஐயர் கோத்திரம் கேட்டபோது பெரியப்பாவின் கோத்திரத்தைச் சொன்னான். யாரும் முணுமுணுக்கவில்லை. எதற்கும் ஒரு குற்றம் கண்டுபிடிக்கும் பெரியப்பாவின் அண்ணன்கூட, "குடுத்து வச்சவன்யா, பிள்ளை எப்படி அழறான் பாரு" என்றுதான் சொன்னார்.

அதற்கப்புறம்தான் கெட்ட காலம் ஆரம்பித்தது. அண்ணன் வேலை பார்த்த கிண்டி ஃபாக்டரியை இழுத்து மூடிவிட்டார்கள். அவன் பகலெல்லாம் லுங்கியோடு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தான். அவன் அப்பாவின் நாடு துண்டு துண்டாகி, சண்டை ஓய்ந்து, அவருடைய ஊர் இருந்த பகுதி குரோஷியா என்ற தனி நாடாகியிருந்தது. திடீரென்று ஒரு நாள் அங்கேயிருந்து கடிதம் வந்தது. எழுதியவள் அந்த மனிதரின் இரண்டாவது தாரத்து மகள். அப்பா இறந்துவிட்டார், சாவதற்கு முன்னால்தான் உன்னைப் பற்றிச் சொன்னார், உனக்கு இங்கே குடியுரிமை கிடைக்கும், காகிதங்களைச் சேகரி, என் பங்குக்கு அப்பாவுடையதை எல்லாம் அனுப்புகிறேன் என்று எழுதியிருந்தாள். நல்ல பெண்ணாகத்தான் இருக்க வேண்டும். சாகும்போது மட்டும் ஞாபகம் வந்ததே அந்த மனிதருக்கு, அதை நினைத்துத்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சண்டை நடந்த நாட்டிலிருந்து அவருடைய பிறப்புச் சான்றிதழ், ஞானஸ்நானப் பதிவு, பெற்றோரின் கல்யாணப் பதிவு எல்லாம் முத்திரையோடு வந்து சேர்ந்துவிட்டன. ஒரு குண்டும் விழாத எங்கள் ஊரில் அண்ணன் பிறந்ததற்கு அத்தாட்சி வாங்க நானும் பெரியம்மாவும் நாயாய் அலைந்தோம். நான் அப்போது தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். லீவு கேட்டுக் கேட்டே முதலாளியிடம் கெட்ட பெயர் எடுத்தேன். மாநகராட்சி அலுவலகத்தில் ஒரு பியூன் பல்லைக் குத்திக்கொண்டே சொன்னார்: "இன்னாமா அவசரம்? அந்த வருசத்து புக்கு மாடில தான் கீது. கரையான் துன்னுகினு கீது. நம்ப ஆளு லீவுல போய்க்கீறான், வந்தான்னா எடுத்துக் குடுப்பான்." ஆள் வந்து, புத்தகம் கிடைத்துப் பார்த்தால், 'ஆண் குழந்தை' என்று மட்டும் இருக்கிறது, பெயர் இல்லை. அந்தக் காலத்தில் பாதிப் பேருக்கு அப்படித்தான். பெயர் சேர்க்கப் பெற்றோர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். பெற்றோர் இருவரும் செத்துப்போனார்கள் என்று நிரூபிக்க வேறு அலைந்தோம். சித்தியின் இறப்புச் சான்றிதழை வாங்கிக்கொண்டு திரும்பிய அன்று பெரியம்மா பஸ்ஸில் அதைக் கைப்பைக்குள் வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். அன்றைக்கெல்லாம் அண்ணன் எங்கே என்று கேட்காதீர்கள். கொட்டிவாக்கத்தில் சிநேகிதன் வீட்டில் உட்கார்ந்து கேசட் போட்டு அந்த ஊர் பாஷை படித்துக்கொண்டிருந்தான்.

இப்படிச் சேர்த்த காகிதத்தையெல்லாம் எடுத்துக்கொண்டுதான் அடையாறு வக்கீலிடம் போனோம். வெளிநாட்டுக் காகித விவகாரங்களில் புலி என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அவர் எல்லாவற்றையும் மேஜைமேல் சீட்டுக்கட்டுப் போலப் பரப்பினார். பிறப்புப் பதிவில் ஒரு அப்பா, பள்ளிக்கூடச் சான்றிதழிலும் பாஸ்போர்ட்டிலும் வேறொரு அப்பா.

"தத்து எடுத்ததுக்குப் பத்திரம் ஏதாவது இருக்கா?" என்றார்.

"என் தங்கச்சி பிள்ளை சார். அதுக்கு எதுக்குப் பத்திரம்?" என்றாள் பெரியம்மா.

"ரொம்ப நல்லதாப் போச்சு" என்று நாற்காலியில் சாய்ந்தார் அவர். தத்து என்று ஆகியிருந்தால் பையன் இந்தக் குடும்பத்துப் பையன் ஆகிவிடுவானாம், அந்த வம்சத்தின் நூல் அறுந்துவிட்டது என்று அங்கே யாராவது கொக்கி போடலாமாம். அதனால் வளர்த்தவர் ஒரு பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும். இவன் என் மகன் அல்ல, என் கணவருக்கும் மகன் அல்ல, நாங்கள் தத்தெடுக்கவில்லை, பள்ளிக்கூடத்தில் என் கணவர் பெயர் இருப்பது அறியாமல் செய்த தவறு. நல்லதாப் போச்சாம்! எனக்கு அந்த மேஜைக் கண்ணாடியை உடைக்கலாம் போலிருந்தது. வக்கீல் சட்டென்று ஏதோ ஞாபகம் வந்தவராக, "உங்க வீட்டுக்காரருக்குக் காரியம் யார் பண்ணினது?" என்று கேட்டார்.

"நான்தான் சார்" என்றான் அண்ணன்.

"அதை எங்கேயும் சொல்லிக்க வேண்டாம்."

அண்ணன் தலையை ஆட்டினான். அந்தத் தலையாட்டலை நான் மறக்கவே மாட்டேன். மொட்டை போட்ட தலை, முடி வளர்ந்து அப்போதுதான் ஒழுங்காகச் சீவும்படி ஆகியிருந்தது.

வெளியே வந்ததும் பெரியம்மா மருந்துக்கடைக்குள் போனாள். நான் அவனைப் பஸ் ஸ்டாப்பில் பிடித்துக்கொண்டேன். "வெட்கமா இல்ல உனக்கு? பெரியம்மாவாம்! ஒரு நிமிஷத்துல மாத்திட்டியே" என்றேன். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இன்னும் சத்தமாகப் பேசினேன்.

"கத்தாதே. எனக்கு மட்டும் ஆசையா? இங்க எனக்கு என்ன இருக்கு, நீயே சொல்லு. இந்த வயசுல அம்மா பென்ஷன்ல சாப்பிடறேன். பீடி வாங்கக்கூட அவங்ககிட்ட நிக்கறேன்."

"இப்ப மட்டும் அம்மாங்கறே. உள்ள ஏன் சொல்லல?"

"காகிதத்துக்குத்தானே" என்றான். "காகிதத்துல எழுதறதால என்ன ஆயிடப்போகுது?"

அவன் சொன்னதில் ஞாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். அவனுடைய ஃபாக்டரிக் கூட்டாளிகளில் ஒருவன் ஆதம்பாக்கத்தில் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தான், இன்னொருவன் தூக்கில் தொங்கிவிட்டான். இதெல்லாம் எனக்கும் தெரியும். தெரிந்தும் கோபம் அடங்கவில்லை. வேலைக்காக ஊரை விட்டுப் போகிறவர்கள் ஆயிரம் பேர். அம்மாவை விட்டுப் போக அவர்கள் யாரும் அம்மாவிடமே கையெழுத்துக் கேட்பதில்லை.

அன்று சாயங்காலம் பெரியம்மாவிடம் சண்டைக்குப் போனேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முடியாது என்று சொல், உனக்கு மனசு வரவில்லை என்று சொல், அவனால் உன்னைக் கட்டாயப்படுத்த முடியாது என்று பொரிந்து தள்ளினேன். அவள் என்னைப் பேசவிட்டாள். வருடக்கணக்கில் டிரங்க் கால் இணைத்துக் கொடுத்தவள், எதிராளி பேசி முடிக்கும் வரை காத்திருக்கும் பழக்கம் அவளிடம் இருந்தது.

"அவங்கப்பன்கிட்டேர்ந்து அவனுக்கு ஒண்ணுமே கிடைக்கல. இதாவது கிடைக்கட்டுமே" என்றாள் கடைசியில்.

"அதுக்கு நீ ஏன் இல்லாமப் போகணும்?"

"அம்மா இல்லன்னு எழுதிட்டா நான் அம்மா இல்லாமப் போயிடுவேனாடி? பைத்தியம். காகிதத்துக்குத்தானே."

அவளும் அதையே சொன்னாள். அவன் சொன்னபோது வந்த கோபத்தைவிட அவள் சொன்னபோது வந்த கோபம் பெரிது. விட்டுக்கொடுப்பதையே ஒரு கௌரவமாக வைத்துக்கொண்டு வாழ்ந்த அந்தத் தலைமுறைப் பெண்கள்மேல் எனக்கு அன்பு உண்டு, மரியாதை உண்டு, தாங்க முடியாத எரிச்சலும் உண்டு. அவர்கள் விட்டுக்கொடுத்ததை வாங்கிக்கொண்டவர்கள் யாரும் திருப்பிக் கொடுத்ததாக நான் பார்த்ததில்லை.

மயிலாப்பூர் குளத்துக்குப் பின்பக்கம் ஒரு நோட்டரியின் அறையில் கையெழுத்து ஆனது. ஸ்டாம்புப் பேப்பரில் ஆங்கிலத்தில் அடித்திருந்ததைப் பெரியம்மா ஒரு வரி விடாமல் படித்தாள். அவள் ஆங்கிலம் சுத்தமாக இருக்கும். 'மேற்படி நபர் என் மகன் அல்ல' என்ற இடத்தில் விரலை வைத்தாள். ஒரு கணம் எனக்கு நம்பிக்கை வந்தது. அவளோ, "இந்த 'மேற்படி நபர்'ங்கற இடத்துல அவன் பேரைப் போடக்கூடாதா?" என்று மட்டும் கேட்டாள். மேலே ஒரு தடவை போட்டாகிவிட்டது, போதும் என்றார் நோட்டரி. சரி என்று கையெழுத்துப் போட்டாள். திரும்பி வரும்போது அண்ணன் எங்கள் இருவருக்கும் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தான். நான் குடிக்கவில்லை. பெரியம்மா குடித்துவிட்டு, "ஐஸ் ஜாஸ்தி" என்றாள்.

குடியுரிமை வந்தது. அண்ணன் போனான். மீனம்பாக்கத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று அவன் "அம்மா" என்று உதட்டை அசைத்தான். பெரியம்மா சந்தோஷமாகக் கையாட்டினாள், என்னை முழங்கையால் இடித்து, பார்த்தாயா என்பது போலச் சிரித்தாள். அவன் கப்பல் கட்டும் தளம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்தான். பணமும் அனுப்பினான், அதைக் குறை சொல்ல முடியாது.

கொஞ்ச காலம் கழித்து அவனுக்கு அங்கேயே ஒரு பெண்ணோடு கல்யாணம் நிச்சயமானது. நீ வந்தே ஆகணும் அம்மா என்று அழைப்புக் கடிதம் அனுப்பினான். பெரியம்மா ஆடிப்போனாள், சந்தோஷத்தில்தான். பாண்டி பஜாரில் ஸ்வெட்டர் வாங்கினோம். மருமகளுக்கு அரக்கில் ஒரு பட்டுப்புடவையும் எடுத்தோம். விசா விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்ய அதே அடையாறு வக்கீலிடம் போனோம். அழைப்பவருக்கு நீங்கள் என்ன உறவு என்ற கட்டத்தில் பெரியம்மா தன் முத்து முத்தான எழுத்தில் 'தாய்' என்று எழுதப்போனாள். வக்கீல் அவள் கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தார்.

"மேடம், மேடம்! உங்க பிரமாணப் பத்திரம் அவங்க ஃபைல்ல இருக்கு. இப்ப தாய்னு எழுதினா எது பொய்னு கேப்பாங்க. பையனோட குடியுரிமைக்கே வம்பு வந்துடும்."

பையனுக்கு வம்பு என்றதும் பேனா நின்றது. 'தாயின் சகோதரி' என்று எழுதினாள். தில்லியிலிருந்து பதில் வந்தது, மறுத்திருந்தார்கள். தனியாக வாழும் வயதான பெண், திரும்பி வருவார் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை, அழைத்தவர் நெருங்கிய உறவும் இல்லை. இந்தக் கடைசி வாக்கியத்தை நான்தான் அவளுக்குப் படித்துக் காட்டினேன். நெருங்கிய உறவும் இல்லை! இருமல் வந்தால் இரவெல்லாம் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்த அந்தக் கூடத்தில் உட்கார்ந்துதான் அதைப் படித்தேன். காகிதத்துக்குத்தானே என்று சொன்ன இரண்டு பேரையும் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. ஒருவன் கைக்கெட்டாத தூரத்தில் இருந்தான். இன்னொருத்தி என் எதிரில் உட்கார்ந்து ஸ்வெட்டரை மடித்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணப் படம் வந்தது. மாப்பிள்ளைக்குப் பக்கத்தில், அம்மா நிற்க வேண்டிய இடத்தில், தொப்பி வைத்த ஒரு வெள்ளைக்கார அம்மாள் நின்றாள். அந்த மனிதரின் இரண்டாவது மனைவி. அண்ணனைச் சின்ன வயதில் கண்ணால்கூடப் பார்த்திராதவள். நான் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். பெரியம்மா படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "இளைச்சுட்டான்" என்றாள். அன்று இரவு அவள் சாப்பிடவில்லை, வயிறு சரியில்லை என்றாள்.

இப்போது பெரியம்மா இல்லை. அண்ணனுக்குத் தலை நரைத்துவிட்டது, போனில் தமிழ் தடுக்குகிறது. எனக்கும் கோபத்தின் வேகம் குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் இப்போதெல்லாம் பாட்டன் வழியில் ஒரு பாஸ்போர்ட், பூட்டன் வழியில் ஒரு பாஸ்போர்ட் என்று அலுவலகத்தில் பையன்கள் ஆர்வமாகப் பேசும்போது நான் எழுந்து போய்விடுகிறேன். ரத்தம், வம்சம் என்றெல்லாம் அவர்கள் பேசுவது என் காதில் விழுந்தால் வீணாகச் சண்டை வரும்.

அண்ணனின் கல்யாணம் முடிந்த கையோடு எங்கள் பகுதியில் ரேஷன் கார்டைப் புதுப்பிக்கத் தெருத் தெருவாக வந்தார்கள். போலிப் பெயர்களை நீக்குகிறார்கள், ஊரில் இல்லாதவர்கள் பெயரை நாமே சொல்லி எடுத்துவிட வேண்டும், மறைத்தால் கார்டே போய்விடும் என்று பேச்சாக இருந்தது. நானும் பெரியம்மாவிடம் சொல்லியிருந்தேன். அன்று மத்தியானம் நான் அங்கேதான் இருந்தேன். மடியில் பதிவேட்டோடு ஒரு பெண் அதிகாரி கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, பெரியம்மாவின் பழைய கார்டைப் புரட்டினார். வெயிலில் அலைந்து களைத்திருந்தார். நான் மோர் கொண்டுவந்து கொடுத்தேன்.

"குடும்பத் தலைவி நீங்க. இன்னொரு பேர் இருக்கே, மகன்னு போட்டிருக்கு. அவரு எங்க?"

நான் பெரியம்மாவைப் பார்த்தேன். வெளிநாட்டில் இருக்கிறான் என்று சொல்வாள், கோடு போட்டு அடிப்பார்கள், அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"வேலைக்குப் போயிருக்கான்" என்றாள்.

"எங்க வேலை?"

"கிண்டில."

"எப்ப வருவாரு? நேர்ல பாக்கணுமே."

"ஷிப்டும்மா. வர ரொம்ப நேரம் ஆயிடும்."

அதிகாரி பேனாவை உருட்டிக்கொண்டே பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தார். "உங்க சொந்த மகன்தானே?"

"என் மகன்தான்" என்றாள் பெரியம்மா. குரல் கொஞ்சம்கூடப் பிசிறவில்லை. ஊரில் ஒருத்தரிடம் ஒரு பொய் சொல்லி நான் பார்த்திராதவள்.

அந்தப் பெண் மோரைக் குடித்து முடித்துவிட்டு, அவன் பெயருக்கு நேரே ஒரு டிக் அடித்தார். மேலே சொன்னதெல்லாம் உண்மை என்று அச்சடித்திருந்த இடத்தைக் காட்டி, "இங்க ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா" என்றார். பெரியம்மா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, பதிவேட்டைத் தன் மடிக்கு வாங்கி, நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். அவர் அடுத்த வீட்டுக்குப் போனார். பெரியம்மா கார்டைப் புடவைத் தலைப்பால் துடைத்து என் கையில் கொடுத்தாள்.

"நாளைக்கு சக்கரை போடறாங்களாம். அவன் பங்கையும் சேர்த்து வாங்கிட்டு வந்துடு."